அரிசி வந்த வழி

கார்த்திகை பிறந்து பத்தாம் நாள் குமாரபாளையத்தில் தறிகள் நின்றன. நூல் விலை ஏறிக்கொண்டே போனது. நெய்த துண்டும் லுங்கியும் வாங்க ஆளில்லாமல் குடோன்களில் கட்டுக்கட்டாய்க் கிடந்தன. பட்டறைக்காரர்கள் கூடிப் பேசி, ஒரு மாதத்துக்குத் தறியை நிறுத்துவது என்று முடிவு செய்தார்கள். ஒரு மாதம் இரண்டாகும், இரண்டு மூன்றாகும் என்று கூலிக்காரர்களுக்குத் தெரியாதா என்ன? தெரியும். தெரிந்து என்ன செய்ய?

கலைமணி குடியிருந்த தெருவில் ராத்திரி பகல் இல்லாமல் தடதடத்த சத்தம் அடங்கியதும், முதல் இரண்டு நாள் குழந்தைகள் தூக்கம் வராமல் அழுதன. மூன்றாம் நாளிலிருந்து வேறு காரணத்துக்காக அழுதன.

கலைமணிக்கு மாதச் சம்பளம் உண்டு. பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாள். கணவன் காளிதாஸ் டெம்போ ஓட்டுகிறவன்; துணி ஏற்றுவது நின்றாலும் செங்கல், காய்கறி என்று ஏதாவது வாடகை கிடைத்தது. தெருவில் மூன்று வேளையும் அடுப்பெரிந்த வீடுகள் நாலைந்துதான். தாளிக்கும் வாசம் வெளியே போகாமல் இருக்க அவள் அடுப்படி ஜன்னலைச் சாத்திக்கொண்டு சமைத்தாள்.

எதிர் வீட்டு மாரக்காளும் அவள் புருசன் அப்புசாமியும் ஒரே பட்டறையில் தறி ஓட்டியவர்கள். ஒரு நாள் காலையில் மாரக்காள் கையில் குண்டாவோடு வந்து நின்றாள்.

"அம்மிணி, வடிச்ச கஞ்சி இருந்தா ஊத்து. ஆட்டுக்கு வெக்கோணும்."

கலைமணி ஊற்றிக் கொடுத்தாள். மாரக்காள் போன பிறகுதான் நினைவு வந்தது, அந்த ஆட்டைப் போன வாரமே சந்தையில் விற்றாகிவிட்டது.

மறுநாளும் மாரக்காள் வந்தாள். அன்றைக்குக் கலைமணி கஞ்சிக்குள் இரண்டு கை சோற்றையும் போட்டு ஊற்றினாள். மாரக்காள் குண்டாவுக்குள் பார்த்தாள். எடுத்துக்கொண்டு போனாள். மூன்றாம் நாள் அவள் வரவே இல்லை.

அந்த மூன்றாம் நாள்தான் கலைமணிக்கு நெஞ்சில் முள் தைத்தது. பசித்தவனுக்குப் போட்டது தனக்கே போட்டது என்று சொன்ன ஆண்டவரை அவள் சின்ன வயதிலிருந்து கும்பிடுகிறவள். அப்பா காலத்திலேயே வேதக்கோயிலுக்கு வந்த குடும்பம். ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போய், காணிக்கைப் பையில் போட வேண்டியதைப் போட்டு, கண்ணை மூடி ஜெபித்துவிட்டு வருகிறாள். எதிர் வீட்டுக்காரி ஆட்டின் பேரைச் சொல்லிக் கஞ்சி குடிக்கிறாள். இதில் எதை ஆண்டவர் பார்த்துக்கொண்டிருப்பார்?

அவள் போதகர் தீனதயாளனிடம் போனாள்.

தீனதயாளன் தம்மம்பட்டிப் பக்கத்துக்காரர். நாலு வருடத்துக்கு முன்பு இந்தச் சபைக்கு வந்தவர். சபை என்றால் பெரிய கோயில் அல்ல. தறிக்குப் பாவு நூல் சுற்றிய பழைய பட்டறை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, சிமெண்ட் ஷீட்டுக்குக் கீழே நாற்பது குடும்பங்கள் கூடும் இடம். மூன்று வருடத்துக்கு முன்பு சங்ககிரி மேட்டில் டெம்போ கவிழ்ந்து காளிதாஸ் நினைவில்லாமல் கிடந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் மூன்று நாள் அவளோடு உட்கார்ந்திருந்தவர் இந்த மனிதர்தான். சொந்த அண்ணன் ஒரு நாள் வந்து பழம் வைத்துவிட்டுப் போனான். இவர் அவளுக்கு இட்லி வாங்கி வந்து, "சாப்பிடுங்க சிஸ்டர், நீங்க விழுந்துட்டா அவரை யார் பாக்கிறது" என்று சொல்லிச் சொல்லி ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்தார். அதற்குப் பிறகு அவர் வார்த்தைக்குக் கலைமணி மறுவார்த்தை பேசியதில்லை.

விஷயத்தைச் சொன்னதும் அவர் கண் கலங்கிவிட்டது. "நாம இதைச் செய்யலைன்னா யார் செய்வாங்க சிஸ்டர்? சாயங்காலம் ஒரு வேளை சாப்பாடு. இங்கேயே அடுப்புப் போடுவோம். நீங்கதான் பொறுப்பு" என்றார்.

"ஒண்ணு சொல்லோணுங்க பாஸ்டர். வாரவங்க எல்லாம் மாரியம்மனைக் கும்பிடறவங்க. சோத்தைக் காட்டி நம்ம பாட்டு, ஜெபம்னு எதுவும் வேண்டாங்க. பேரு எழுதறது வேண்டாம். பசிச்சு வாராங்க, தின்னுட்டுப் போவட்டும்."

"சரி சிஸ்டர்."

"நெசமாத்தான் சொல்றீங்களா?"

"நான் சரின்னா சரிதான்" என்று சிரித்தார்.

மாரக்காளைக் கூப்பிடப் போனபோது அவள் வாசலிலேயே மறித்துவிட்டாள். "உங்க கோயலு சோத்துக்கு நான் வர மாட்டேன் அம்மிணி. நாளைக்கு ஊரு என்ன பேசும்? இருவத்திரண்டு வருசமா ஆத்தாளுக்கு அக்கினிச்சட்டி எடுக்கறவ நானு."

"யாரும் உன்னைய ஒண்ணும் கேக்க மாட்டாங்கக்கா. ஒருத்தரும் கும்புடச் சொல்ல மாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு."

"சும்மா திங்கறதுக்கு மனசு ஒப்பலே."

"சும்மா எதுக்கு? நூறு பேருக்கு ஆக்கோணும். வெங்காயம் உரிக்க, காய் நறுக்க ஆள் வேணுமே. வேலைக்கு வா. வேலை செஞ்சவங்க திங்கறது கூலிதானே?"

மாரக்காள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய் அரிவாள்மணையை எடுத்துக்கொண்டு வந்தாள். மாரக்காள் வந்ததைப் பார்த்துத்தான் தெரு வந்தது. அதைக் கலைமணி அப்போதே புரிந்துகொண்டாள். தன்னை நம்பி அல்ல, மாரக்காளை நம்பி வந்தார்கள். மாரக்காள் தன்னை நம்பி வந்தாள்.

மார்கழி முழுக்க அடுப்பெரிந்தது. முதல் நாள் முப்பது பேர். பொங்கலுக்குள் நூற்றைத் தாண்டிவிட்டது. ஒரு நாள் அரிசிம்பருப்புச் சோறு, ஒரு நாள் தக்காளிச் சோறு, ஒரு நாள் சோறும் கொள்ளு ரசமும். அவரவர் வீட்டுப் பாத்திரத்தைக் கொண்டு வருவார்கள். அங்கேயே உட்கார்ந்து தின்கிறவர்கள் தின்பார்கள், கூச்சப்பட்டவர்கள் முந்தானைக்குள் மறைத்து எடுத்துப் போவார்கள். தெருக்கோடியில் மணியன் என்று ஒரு கிழவர், பெற்ற பிள்ளைகள் யாரும் பக்கத்தில் இல்லாதவர், தினமும் முதல் ஆளாய் வந்து தட்டோடு உட்கார்ந்துவிடுவார். "உப்புக் கொஞ்சம் எச்சுப் போடு சாமி" என்பார். கலைமணி பள்ளிக்கூடத்தில் வேலை முடித்து மூன்று மணிக்கு ஓடி வருவாள். கை காப்புக் காய்த்தது. தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது. ஆனாலும் ராத்திரி படுத்தால் அப்படி ஒரு தூக்கம். இத்தனை வருடம் காதால் கேட்டதை முதல் முறையாகக் கையால் செய்கிறோம் என்று இருந்தது.

அரிசிக்கும் பருப்புக்கும் குறை வரவில்லை. சபைக்காரர்கள் கொடுக்கிறார்கள் என்று போதகர் சொன்னார். மூட்டை மூட்டையாய் வந்து இறங்கியது. இவ்வளவு தாராளமான சபையா நம்முடையது என்று கலைமணிக்கே மலைப்பாக இருந்தது. இப்படிச் சந்தேகம் வந்ததற்காக ஆண்டவரிடம் மன்னிப்பும் கேட்டாள்.

தை மாதத்தில் போதகர் போனைத் தூக்கிக்கொண்டு படம் பிடிக்க ஆரம்பித்தார்.

"எதுக்குங்க பாஸ்டர் படமெல்லாம்?"

"குடுக்கிறவங்களுக்குக் காட்டணுமே சிஸ்டர். எங்கே போகுதுன்னு கேப்பாங்க இல்ல?"

"சரிங்க. மூஞ்சி தெரியாம எடுங்க. சங்கடப்படுவாங்க."

"சரி சரி."

அன்று மாரக்காள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு முறம் நிறைய. கண்ணும் மூக்கும் ஒழுக, புறங்கையால் துடைத்துக்கொண்டே உரித்தாள். இன்னொரு நாள் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்ததும் போதகர் முன்னால் வந்து நின்று, "நமக்காக அரிசி அனுப்பின ஒரு அம்மா பெங்களூர்ல இருக்காங்க. அவங்களுக்கு எல்லாரும் கை தூக்கி ஒரு நன்றி சொல்லுங்க பாப்போம்" என்றார். எல்லாரும் சிரித்துக்கொண்டு கையைத் தூக்கினார்கள். மணியன் கிழவர் சோற்றுக் கையையே தூக்கினார். சோறு போட்டவளுக்கு நன்றி சொல்வதில் என்ன இருக்கிறது? கலைமணியும் கரண்டி பிடித்த கையைத் தூக்கினாள்.

மாசி பிறந்தது. மாரியம்மன் பண்டிகைக்கு நாள் குறித்துச் சாட்டி, கோயில் முன்னால் கம்பம் நட்டார்கள். ஒரு சனிக்கிழமை காலை, கோயில் கமிட்டிக்காரர் கருப்பண்ணன் இரண்டு பேரோடு வீடு வீடாய் வரி வாங்கிக்கொண்டு வந்தார். பண்டிகை வரி என்பது ஊரில் ஒருவன் என்பதற்கு அத்தாட்சி. கஞ்சிக்கு இல்லாதவனும் எதையாவது விற்று வரி கொடுத்துவிடுவான். மாரக்காள் குளித்து, மஞ்சள் பூசி, பணத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். கருப்பண்ணன் அவள் வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனார்.

"ஏனுங்க, எங்கூடு இருக்குதுங்க" என்றாள் மாரக்காள்.

"உனக்கு வரி இல்லைம்மா."

"ஏனுங்க?"

"அந்தப் பக்கம் போயிட்டவங்களுக்கு எதுக்கு எங்க வரி? சட்டியும் இந்த வருசம் உனக்கு இல்லீன்னு கமிட்டியில பேசியாச்சு."

"எந்தப் பக்கமுங்க? என்ன பேசறீங்க நீங்க?"

கருப்பண்ணன் போனை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். சத்தம் கேட்டு வாசலுக்கு வந்த கலைமணிக்கும் அது கேட்டது. ஒரு பெண் குரல் உருகி உருகிப் பேசியது: "இவர் பெயர் மாரக்காள். நாற்பது வருடம் கல்லையும் மண்ணையும் கும்பிட்ட சகோதரி. இன்று கண்ணீரோடு மனந்திரும்பி, விக்கிரகங்களைத் தூக்கி எறிந்துவிட்டார். இவரோடு சேர்ந்து நூற்றுப் பன்னிரண்டு ஆத்துமாக்கள் கையை உயர்த்தித் தங்களை ஒப்புக்கொடுத்தார்கள்..."

மாரக்காள் அந்தச் சின்னத் திரையில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணீர் வழியும் முகம். முறமும் வெங்காயமும் தெரியாமல் கழுத்துக்கு மேலே மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள்.

"இது வெங்காயம் உரிச்சப்ப எடுத்ததுங்க" என்றாள். அவள் குரல் அவளுக்கே கேட்டிருக்காது.

"வெங்காயம் உரிச்சாங்களாம்!" என்றார் கருப்பண்ணன், கூட வந்தவர்களைப் பார்த்து.

"மூணு மாசமா கும்பி காஞ்சு கெடந்தோமே, அப்ப நீங்க யாராச்சும் எட்டிப் பாத்தீங்களா?" அப்புசாமி உள்ளேயிருந்து கத்திக்கொண்டு வந்தார்.

"அதுக்குன்னு சாமிய விப்பீங்களா?"

கருப்பண்ணன் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். மாரக்காள் திரும்பி எதிர் வாசலைப் பார்த்தாள். திட்டவில்லை. மண்ணை வாரித் தூற்றவில்லை. அப்படிச் செய்திருந்தால் கலைமணிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"நீ பொறுப்புன்னியே அம்மிணி" என்று மட்டும் சொன்னாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கலைமணி காளிதாஸின் போனில் அந்தப் படத்தைத் தேடி எடுத்து முழுதாய்ப் பார்த்தாள். முடியும் இடத்தில் அவளே வந்தாள், கரண்டியோடு கையைத் தூக்கிச் சிரித்துக்கொண்டு. கீழே எழுத்து ஓடியது: வீடு வீடாகச் சென்று ஆத்துமாக்களை அழைத்து வந்த எங்கள் ஊழியக்காரி.

காளிதாஸ் போனை வாங்கி மேலும் கீழும் தள்ளினான். தள்ளிக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நின்றான். "இங்க பாரு" என்றான்.

ஆஸ்பத்திரிக் கட்டில். மூக்கில் குழாயோடு அவனே படுத்திருந்தான். 'டாக்டர்கள் கைவிட்டு, உயிர் பிரிந்து, ஜெபத்தால் எழுந்த டிரைவர்' என்று போட்டிருந்தது.

"என்னைய எப்படி இந்தாளு சாவடிச்சாரு?" என்று சிரித்தான் காளிதாஸ். பாதிச் சிரிப்பிலேயே முகம் சுண்டிப்போயிற்று. "கலை, மூணு நாளும் கூடவே இருந்தாருன்னியே. இதை எப்ப எடுத்தாரு?"

அவளுக்கு ஞாபகம் வந்தது. இட்லியைச் சாப்பிடச் சொல்லி அவளை வராந்தாவில் உட்காரவைத்துவிட்டு, "நான் உள்ளே போய் ஒரு ஜெபம் பண்ணிட்டு வரேன்" என்று போனார். அப்போதுதான். அவள் இட்லி தின்று முடிக்கும் நேரத்தில்தான்.

போதகர் வீட்டில் அவர் சட்டையில்லாமல் பனியனோடு உட்கார்ந்து பிரசங்கக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். கலைமணி உட்காரவில்லை.

"மாரக்காள் எப்பங்க மனந்திரும்புனா?"

அவர் பேனாவை மூடினார். "பாத்துட்டீங்களா? அதை நானே சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எப்பங்க திரும்புனா?"

"சிஸ்டர், கோபப்படாம கேளுங்க. நம்ம சபையில குடுத்தது எவ்வளவு நாளைக்கு வந்துச்சுன்னு நினைக்கிறீங்க? ரெண்டு வாரம். அதுக்கு அப்புறம் ஒரு குடும்பமும் ஒரு படி அரிசி தரலை. நான் யார் யார் கால்லயோ விழுந்தேன். கடைசியா பெங்களூர்ல ஒரு ஊழிய நிறுவனம். அவங்க சாட்சி கேட்டாங்க. பசிக்குச் சோறு போடறோம்னு சொன்னா யார் அனுப்புவா? ஆத்துமா கணக்கு கேக்கிறாங்க. நூறு பேர் ரெண்டு மாசம் வயிறு நிறைஞ்சது எதனால? நீங்க சொல்லுங்க."

"அதுக்காகப் பொய் சொல்றதுங்களா?"

"பொய் இல்லை. இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு ஆண்டவர் அவங்களைக் கொண்டு வருவார். நான் அதை விசுவாசத்தில முன்னாடியே சொல்லிட்டேன். அவ்வளவுதான்."

கலைமணி அவரையே பார்த்தாள். அவர் அதை நம்பித்தான் சொன்னார். அதுதான் அவளைப் பயமுறுத்தியது. திருடனைப் போல் முழித்திருந்தால்கூட அவரை மன்னித்துவிட்டு அழுதிருப்பாள்.

"எங்கூட்டுக்காரரு எப்பங்க செத்தாரு?" என்று கேட்டாள்.

அவர் முகம் மாறியது. முதல் முறையாகக் கண்ணைத் தாழ்த்தினார். "அது பழசு" என்றார்.

"அந்தப் படத்தை எடுத்துருங்க. ரெண்டையும்."

"என் கையில இல்லை சிஸ்டர். அவங்க போட்டது. நான் கேட்டா அரிசி நின்னுடும். உள்ளே இன்னும் பதினோரு மூட்டை இருக்கு. திருப்பி அனுப்பிடலாமா? சொல்லுங்க. நீங்க சொன்னா இன்னைக்கே அனுப்பிடறேன்."

அவளால் அனுப்பச் சொல்ல முடியவில்லை. அவருக்கு அது தெரிந்திருந்தது.

அன்று சாயங்காலமும் அவள் அடுப்பு மூட்டினாள். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. மாரக்காள் உட்காரும் இடம் காலியாகக் கிடந்தது. தானே வெங்காயம் உரித்து, தானே காய் நறுக்கி, எப்போதும் போல நூறு பேருக்கு ஆக்கினாள். நாலு பேர் வந்தார்கள். மூன்று பேர் வேறு தெருக்காரர்கள், விஷயம் தெரியாதவர்கள். நாலாவது ஆள் மணியன் கிழவர்.

"உங்களுக்குச் சங்கதி தெரியுமுங்களா?" என்று கேட்டாள்.

"தெரியும் சாமி. நானும் கையைத் தூக்கிட்டு உக்காந்திருக்கறனாமே." அவர் தட்டை நீட்டினார். "எனக்கு யாரு வரி போட்டா, யாரு தள்ளி வெச்சா? இதுக்கு மேல என்னைய எங்க தள்ளுவாங்க? போடு, பசிக்குது."

மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தாள். மறுநாள் காலை அதை மாட்டுக்காரர்கள் எடுத்துப் போனார்கள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஆராதனையில் பாட்டெல்லாம் முடிந்து சாட்சி சொல்லும் நேரம் வந்தது. யாராவது எழுந்து தங்களுக்கு ஆண்டவர் செய்ததைச் சொல்வது வழக்கம். கலைமணி எழுந்தாள். மைக் பிடித்துப் பழக்கமில்லை.

"நான் பேசறதுல தப்பிருந்தா எல்லாரும் மன்னிச்சுக்கோங்க. நம்ம சாப்பாட்டுக்கு வந்தவங்க யாரும் மதம் மாறலீங்க. அவங்களை மாத்தறதுக்கு நான் கூப்புடவும் இல்லீங்க. பசிக்குத்தான் கூப்பிட்டேன். மாரக்காள்ங்கற அம்மா வெங்காயம் உரிச்சப்ப எடுத்த படத்தை அழுத படம்னு போட்டிருக்காங்க. எங்கூட்டுக்காரரு சாகவே இல்லீங்க. அவருக்குக் கால் எலும்பு முறிஞ்சு, தலையில அடிபட்டு மயக்கமா இருந்தாரு. டாக்டருங்கதான் பாத்தாங்க. ஆண்டவருக்கு நம்ம பொய் வேண்டாங்க. அவருக்கு அது..."

முன்வரிசையில் யாரோ பாட்டை எடுத்தார்கள். கீபோர்டு சேர்ந்துகொண்டது. பாட்டு பெரிதாகிக்கொண்டே போய் அவள் குரலை மூடியது. சில பெண்கள் பாடாமல் தலை குனிந்திருந்தார்கள். அவ்வளவுதான் அவர்களால் முடிந்த தைரியம். போதகர் கண்ணை மூடிக் கையை உயர்த்தி நின்றார். அவள் மைக்கை நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். செருப்பு மாட்டும்போது அங்கம்மாள் பின்னாலேயே வந்தாள். சபையில் மூத்தவள், கலைமணியின் கல்யாணத்தை முன்நின்று நடத்தியவள்.

"ஏற்கெனவே நம்மளைக் கரிச்சுக் கொட்ட ஊரே காத்துட்டு இருக்குது. அவங்க கையில கத்தியைக் குடுத்துட்டியே. சபையைக் காட்டிக் குடுத்துட்ட நீ" என்றாள்.

காட்டிக் கொடுத்தல். அந்த வார்த்தையைக் கேட்டால் சபைக்காரர்கள் எல்லோருக்கும் ஆண்டவரை முப்பது வெள்ளிக்காசுக்கு விற்ற ஒரே ஒரு ஆள்தான் நினைவுக்கு வருவான். கலைமணி வீடு வரைக்கும் எதையும் பார்க்காமல் நடந்தாள். வந்து முகம் கழுவினாள். பிறகு காளிதாஸிடம், "நான் மாரியம்மன் கோயலுக்குப் போயிட்டு வாரேன்" என்றாள்.

"நீயா?"

"நானேதான்."

கோயில் முன்னால் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். கருப்பண்ணனும் கமிட்டிக்காரர்களும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இத்தனை வருடத்தில் அவள் அந்தக் கோயில் வாசல் வரை வந்ததில்லை. இன்றும் உள்ளே போகவில்லை. வெயிலில் நின்று சொன்னாள்.

"மாரக்காள் மேல தப்பில்லீங்க. அவங்க வரவே மாட்டேன்னாங்க. நாந்தான் வம்பாக் கூட்டிட்டுப் போனேன். அவங்க ஒரு நாளும் ஜெபத்துக்கு உக்காரல. அந்தப் படம் பொய்யிங்க. எங்க ஆளுகளே பண்ண பொய்யி."

"உங்க ஆளுகளே பொய் சொன்னா, நீ சொல்றதை மட்டும் எப்படிம்மா நம்பறது?" என்றார் ஒருவர். அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

கருப்பண்ணன் கொஞ்சம் யோசித்தார். கல்நெஞ்சக்காரர் அல்ல. ஆனால் நாலு பேர் முன்னால் பேசிய பேச்சை அப்படியே விழுங்கவும் அவரால் முடியாது. "அந்தம்மா ஈரச்சேலையோட வந்து ஆத்தா முன்னாடி விழுந்து, ஊருகிட்ட தப்புன்னு கேக்கட்டும். அப்பறம் சட்டி எடுக்கறதைப் பாக்கலாம்."

"செய்யாத தப்புக்கு எதுக்குங்க அவங்க கேக்கோணும்? நான் கேக்கறேன். என்னையக் கேக்கச் சொல்லுங்க."

"உன்ர தப்பை உன்ர சாமிகிட்டக் கேளு" என்றார் கருப்பண்ணன்.

செவ்வாய்க்கிழமை மாரக்காள் போனாள். மஞ்சள் தண்ணீரை மூன்று குடம் தலையில் ஊற்றிக்கொண்டு, சொட்டச் சொட்ட, தெரு முழுக்கப் பார்க்க நடந்தாள். கலைமணி கூடப் போகக் கதவைத் திறந்தபோது, அப்புசாமி வேண்டாம் என்று கையால் சைகை காட்டினார். கோயில் முன்னால் மாரக்காள் மண்ணில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்ததையும், எழுந்து கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டு, செய்யாத தப்பைத் தப்பு என்று ஒத்துக்கொண்டதையும், காளிதாஸ்தான் வந்து சொன்னான். "அழுதாளா?" என்று கலைமணி கேட்டாள். "இல்லை" என்றான். "ஒரு சொட்டுக்கூட இல்லை."

சட்டி எடுக்க அனுமதித்தார்கள். பண்டிகையன்று வேப்பிலைக் கட்டோடு எரியும் சட்டியைக் கையில் ஏந்தி மாரக்காள் தெருவில் வந்தாள். வழக்கமாய் அந்த நாளில் கலைமணி வீட்டு வாசலில் ஒரு பானை நீர்மோர் இருக்கும். சாமி வேறானாலும் வெயில் ஒன்றுதானே என்று அவள் அப்பா காலத்திலிருந்து வைப்பது. வந்தவர்களெல்லாம் ஒரு டம்ளர் குடித்துவிட்டுத்தான் போவார்கள். இந்த வருடமும் வைத்தாள். கூட்டம் பானையை ஒட்டி, பானையைப் பார்க்காமல் போயிற்று. நாக்கு வறண்ட ஒரு சின்னப் பெண் நின்றது. அதன் அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மாரக்காள் நெருப்பைப் பார்த்தபடியே நடந்தாள். மோரில் ஏடு கட்டிய பிறகு கலைமணி பானையை உள்ளே எடுத்து வைத்தாள்.

பங்குனியில் தறிகள் ஓடத் தொடங்கின, பழைய கூலியைவிடக் குறைந்த கூலிக்கு. ஓடினால் போதும் என்று எல்லாரும் போனார்கள். தெருவில் மறுபடியும் தடதடப்பு வந்துவிட்டது. போதகர் சபையிலேயே இருந்தார். பெங்களூர்க்காரர்கள் பழைய ஷீட்டை மாற்றிப் புது ஷீட் போட்டுக் கொடுத்தார்கள். மாரக்காளின் படம் இன்னமும் போனில் இருக்கிறது. இன்னும் நிறையப் பேர் பார்த்திருக்கிறார்கள் என்று காளிதாஸ் சொன்னான். அதைத் தன்னிடம் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பவானியில் வேறொரு கோயிலுக்கு இரண்டு ஞாயிறு போய்ப் பார்த்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஜெபிக்கும்போது எல்லாரும் கண்ணை மூடினார்கள். அவளுக்கு மூட வரவில்லை. பிரசங்கம் செய்கிற மனிதரின் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவர் என்ன மறைக்கிறார் என்று கண்டுபிடிக்க வந்தவளைப்போல. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. மூன்றாம் ஞாயிறு போகவில்லை.

ஆனால் தறி ஓடியும் மணியன் கிழவருக்குச் சோறு போட ஆளில்லை. அவருக்கும், அடுத்த தெருவில் படுக்கையில் கிடந்த நல்லம்மாளுக்கும் சாயங்காலம் தூக்குப்போசியில் சோறு கொண்டு போனாள். சொந்த அரிசி. தெருவில் யார் கண்ணிலும் படாமல் சந்து வழியாகப் போவாள். எதற்காகச் செய்கிறாய் என்று யாராவது கேட்டால் அவளிடம் இப்போது பதில் இல்லை. முன்பு இருந்தது.

ஒரு நாள் குழாயடியில் மாரக்காள் நின்றாள். வேறு யாரும் இல்லை. கலைமணி குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சற்றுத் தள்ளி நின்றாள். தண்ணீர் நூல் மாதிரி வந்தது. மாரக்காளின் குடம் முக்கால்வாசி நிறைந்திருந்தது.

"உன்ர மேல எனக்குக் கோவமில்ல அம்மிணி" என்றாள் மாரக்காள், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே.

"அக்கா..."

"நீ வேணும்னு செய்யலேன்னு எனக்குத் தெரியும். அன்னிக்கே தெரியும். நீ கோயலு வாசல்ல போயி நின்னதையும் சொன்னாங்க." குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தாள். "ஆனா இனிமே நீ சோறு போட்டா, அதுல கை வெக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிசம் ரோசிப்பேன். எனக்கு வேண்டாம்னாலும் மனசு ரோசிக்கும். அதை என்னால மாத்த முடியல."

"ரோசி அக்கா. நீ ரோசிச்சுத்தான் ஆகோணும்."

மாரக்காள் அவளை நேராகப் பார்த்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு. பட்டறையில் அடுத்த ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று அப்புசாமி கூப்பிடும் சத்தம் கேட்டது. "வாரேன்" என்று குரல் கொடுத்துவிட்டு, குடம் தளும்பாமல் நடந்து போனாள். கலைமணி தன் குடத்தைக் குழாய்க்கடியில் நகர்த்தி வைத்தாள்.